சோப்பு போட்டதும் மஞ்சள் கறை சிவந்தது ஏன்?

மொரீஷியஸ், காத்ர் போர்னிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தைப்பூசக் காவடி செலுத்திவிட்டு மலைக்கோயிலிலிருந்து திரும்பும்போது, வியர்வையும் பாலும் ஊறிய புது ரோஸ் வேட்டியோடு என் கணவர் காரில் உட்கார்ந்துவிட்டார். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார், தந்த நிற லெதர் சீட். உட்காருமிடத்தில் ரோஸ் கறை, முதுகு சாயுமிடத்தில் மஞ்சள். சோப்பு போட்டுத் தேய்த்தேன். ரோஸ் அப்படியே இருக்கிறது, மஞ்சள் சிவப்பாகிவிட்டது. தோல் வெந்துபோய்விட்டதா?"

தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் ஆரத்தி கரைத்திருப்பீர்களே, மஞ்சள் நீரில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் என்ன ஆகும்? அதுதான் உங்கள் சீட்டிலும் நடந்திருக்கிறது. சோப்பும் சுண்ணாம்பைப் போலக் காரத்தன்மை உள்ளது. ஈரத்துணியால் நாலைந்து முறை ஒற்றிச் சோப்பை எடுத்துவிட்டால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். இதற்காக எலுமிச்சம்பழத்தைத் தேடிப் போகாதீர்கள், தண்ணீரே போதும்.

மஞ்சளின் நிறம் வெளிச்சத்தைத் தாங்காது. கார்க் கதவைத் திறந்து, கறை மேல் வெயில் படும்படி தினம் ஓரிரு மணி நேரம் விடுங்கள். சில நாளில் அது தானாக வெளுத்துக்கொண்டே வரும். ஆகவே மஞ்சளைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் கவலையெல்லாம் ரோஸ்தான்.

உங்கள் கார் சீட்டில் நீங்கள் தொடுவது பெரும்பாலும் தோலை அல்ல. தோலுக்கு மேல் பெயின்ட் அடித்து, அதற்கும் மேல் பாலியூரிதேன் என்ற மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். துணியில் சரியாகப் பிடிக்காத சாயம் ஈரத்தில் இளகி, உடம்பின் சூட்டிலும் அழுத்தத்திலும் அந்தப் பூச்சுக்குள் நுழைகிறது. புது ஜீன்ஸின் நீலம் ஏறுவதும் ஏறக்குறைய இப்படித்தான். எங்கள் பட்டறைக்கு வருஷம் முழுக்க நீலக் கறை வரும், காவடி முடிந்த வாரத்தில் மட்டும் ரோஸ் கறை வரும். சாயம் பூச்சின் மேலே நிற்கிறதா, உள்ளே போய்விட்டதா என்பதைப் பொறுத்தே கறை போகும். நாள் ஆக ஆக, வெயிலில் நின்ற காரின் சூடு ஏற ஏற, அது உள்ளேதான் போகும். மஞ்சளுக்கு நல்லதான வெயில் ரோஸுக்கு ஆகாது என்பதால் ரோஸை முதலில் கவனியுங்கள்.

தொடங்குமுன் மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நின்றால் பூச்சு உள்ள தோல். உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் பூச்சில்லாத தோல். அதில் நீங்கள் கை வைக்காமல் ஆளிடம் விடுவதே நல்லது.

பூச்சு இருந்தால், லெதருக்கென்றே விற்கும் காரமில்லாத க்ளீனரை வாங்குங்கள். அதைச் சீட்டில் ஊற்றாமல் மென்மையான பிரஷில் எடுத்து நுரைக்கவிட்டு, வட்டமாக லேசாகத் தேய்த்து, வெள்ளை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் ரோஸ் ஏறுகிறதா? அப்படியென்றால் வேலை நடக்கிறது. இதையே நாலைந்து முறை செய்யுங்கள். சீட்டில் பொடித் துளைகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. உள்ளே இறங்கிய ஈரம் ஸ்பாஞ்சில் தங்கி நாற்றமெடுக்கும். நம் ஊர் பிப்ரவரிப் புழுக்கத்தில் அது காயவும் காயாது.

இதற்கும் போகவில்லையென்றால் பார்மசியில் கிடைக்கும் 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அதே அளவு தண்ணீர் கலந்து, துணி நுனியில் தொட்டு, ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை பரவும். முதலில் சீட்டுக்கு அடியில் சோதித்துப் பாருங்கள். ரீகண்டிஷன் கார் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: விற்பதற்கு முன் யாராவது சீட்டுக்கு அவசரமாகப் பெயின்ட் அடித்திருந்தால் ஆல்கஹால் பட்டதும் அது கரைந்து வரும். துணியில் ரோஸுக்குப் பதில் தந்த நிறம் தெரிந்த உடனே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் நீங்கள் எடுப்பது கறையை அல்ல, சீட்டின் நிறத்தை.

பாத்திரக்கடையில் விற்கும் வெள்ளை 'மேஜிக்' ஸ்பாஞ்சும் மிக நைஸான உப்புத்தாள் மாதிரிதான். ஓரிரு இழுப்பு, அதுவும் கடைசியாக. நெயில் பாலிஷ் ரிமூவர், ப்ளீச், பற்பசை, சமையல் சோடா எதுவும் கிட்டே வரக்கூடாது. கறையோடு பூச்சையும் கொண்டுபோகும், அடுத்த கறைக்கு வழியும் திறந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. 'லெதர் சீட்' என்று விற்கும் பல கார்களில் உட்காருமிடம் மட்டும்தான் தோல், பக்கமும் பின்புறமும் ரெக்ஸின். ரெக்ஸின் சாயத்தை இன்னும் பிடிவாதமாக இழுத்து வைத்துக்கொள்ளும். தோலில் போன கறை ஓரத்தில் போகவில்லை என்றால் காரணம் அதுதான், உங்கள் கையின் குறையல்ல. அங்கே விடாப்பிடியாகத் தேய்க்காமல், சீட் வேலை செய்பவரிடம் அந்தப் பகுதிக்கு மட்டும் நிறம் பொருத்திப் பூச்சு போடச் சொல்லலாம். சீட்டையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

கறை போனதும் லெதருக்கான பாதுகாப்புப் பூச்சு ஒன்றைத் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். அடுத்த வருஷம் புது வேட்டியைத் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். கடையில் வாங்கிய துணியில் நான் அப்படி நின்று பார்த்ததில்லை. காரில் ஒரு துண்டும் இருக்கட்டும், வெள்ளைத் துண்டாக. சீட்டைக் காப்பாற்ற விரித்த சிவப்புத் துண்டின் சாயத்தை எடுக்கவே எங்களிடம் ஒருவர் வந்திருக்கிறார்.