அப்பா வரும் வரை விழித்திருக்கும் பிள்ளைகள்

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. மகனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. காலை 7.40-க்கு வேன் வந்துவிடும். ஆறு மணியிலிருந்து எழுப்பினாலும் ஏழு மணிக்குத்தான் எழுகிறார்கள். பிறகு கத்தலும் அழுகையும்தான். வேன் ஹாரன் கேட்டதும் மகன் வயிறு வலிக்கிறது என்கிறான். கணவர் மதுரையில் ஓர் இரவு நேரக் கடையில் பரோட்டா மாஸ்டர். மதியம் மூன்று மணிக்குப் போனால் இரவு பதினொன்றரைக்குத்தான் வருவார். அவரைப் பார்க்காமல் பிள்ளைகள் தூங்குவதில்லை. மாமியார் எங்களுடன் இருக்கிறார். காலைப் பொழுதை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர என்ன செய்வது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் காலையைப் பற்றிக் கேட்கிறீர்கள். சிக்கல் தொடங்குவதோ முந்தைய இரவில். ஆறு முதல் பன்னிரண்டு வயதுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதினருக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். பதினொன்றரைக்கு மேல் படுக்கும் உங்கள் மகளுக்கு, ஆறு மணிக்கு எழுப்பினால், ஆறரை மணி நேரம்கூடத் தேறுவதில்லை. அவள் எழாமல் கிடப்பதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ தயவுசெய்து நினைக்காதீர்கள்.

ஆனால், "ஒன்பது மணிக்குப் படுங்கள்" என்று மட்டும் சொன்னால் அது நடக்காது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் அவர்களுடைய அப்பா வேலைக்குப் போய்விடுகிறார். அவரைப் பார்க்க அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே நேரம் அந்த நள்ளிரவுதான். அதை எடுத்துக்கொண்டு வேறொன்றும் தராவிட்டால் அவர்கள் அழத்தான் செய்வார்கள். எனவே அப்பாவுடன் இருக்கும் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். உங்கள் கணவர் ஆறரை மணிக்கு எழுந்து, பிள்ளைகளுடன் உட்கார்ந்து சாப்பிட்டு, வேன் நிற்கும் இடம் வரை அவர்களைக் கைபிடித்து அழைத்துச் சென்று ஏற்றிவிட்டு வரட்டும். வந்தபின் பத்து, பதினொரு மணி வரை அவர் மறுபடியும் நன்றாகத் தூங்கலாம். இரவெல்லாம் கல்லின் முன்னால் நின்றுவிட்டு வருபவருக்கு இது எளிதன்று என்பது தெரியும். ஆயினும் காலையில் அப்பா இருப்பார் என்ற நிச்சயம் வந்துவிட்டால், இரவில் விழித்துக் காத்திருக்க வேண்டிய தேவை பிள்ளைகளுக்கு மெல்லக் குறைந்துவிடும். முதல் சில நாட்களாவது அவர் தவறாமல் எழுந்தாக வேண்டும். ஏனெனில் ஒரு நாள் ஏமாந்தாலும் பிள்ளைகள் பழையபடி பதினொன்றரை வரை காத்திருக்கத் தொடங்குவார்கள்.

படுக்கும் நேரத்தை ஒரேயடியாக மாற்ற வேண்டாம். எழும் நேரத்தை மட்டும் ஆறே கால் என்று உறுதியாக வைத்துக்கொண்டு, படுக்கும் நேரத்தை மூன்று நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். ஒன்பதை எட்ட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மகனுக்குப் பத்து மணி நேரமாவது வேண்டும் என்பதால், அவனை மட்டும் இதேபோல எட்டே கால் வரை முன்னால் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஏழே காலுக்கு மேல் தூங்கவிடாதீர்கள். எழுந்தவுடன் வாசலிலோ மொட்டை மாடியிலோ சற்று நிற்க வையுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அன்றிரவு தூக்கம் நேரத்தோடு வரும். மகன் மாலையில் தூங்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைபேசியை எடுத்து வைத்துவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு போல ஊரே விழித்திருக்கும் நாட்களில் பிள்ளைகளும் விழித்திருக்கட்டும். மறுநாளோ அடுத்த நாளோ பழைய நேரத்துக்குத் திரும்பினால் போதும்.

ஏழரை மணிக்கு ஒற்றைக் காலுறையைத் தேடுவதும், கையெழுத்துப் போடாத டைரியை வாசலில் வைத்துத் திறப்பதும் எல்லா வீடுகளிலும் நடப்பவை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பை, சீருடை, காலுறை, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்து வைக்க மகளைப் பழக்குங்கள். மகளுக்கு இரட்டைச் சடை போடும் பொறுப்பை உங்கள் மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு மிச்சமாகும், பேத்தியும் அப்பத்தாவிடம் பேசிக்கொண்டே நிற்பாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது. எதற்குப் பின் எது என்பது மட்டும் மாறாமல் இருந்தால் அவன் தானாகவே அடுத்ததற்குப் போவான். அடுப்படியிலிருந்து பத்து முறை கூப்பிட்டால், பத்தாவது முறை எழுந்தால் போதும் என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும். அருகில் போய், தோளைத் தொட்டு, ஒரே ஒருமுறை சொல்லுங்கள்.

"இன்றைக்கும் இட்லியா?" என்ற வாக்குவாதத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் எந்தக் கிழமைக்கு உப்புமா, எந்தக் கிழமைக்குக் கிச்சடி, எதற்குப் பொங்கல் என்று முன்கூட்டியே வகுத்திருக்கிறார்கள். வீட்டிலும் அப்படி ஒரு பட்டியலைப் பிள்ளைகளுடன் சேர்ந்து எழுதி ஒட்டிவிட்டால் காலையில் பேச்சுக்கே இடமில்லை. சாப்பிட்ட பிறகு சீருடை போடுவது நல்லது. சாம்பார் சிந்தினால் மாற்ற வேண்டியிராது.

இனி மகனின் வயிற்று வலி. உணவு இரைப்பைக்குள் போனதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடலின் இயல்பு. காலையில் அந்த அசைவு இன்னும் வலுவாக இருக்கும். கடைசி வாயை விழுங்கியவுடனே வேனுக்கு ஓடும் பிள்ளை அந்த உந்துதலை அடக்கிக்கொள்கிறான். பள்ளிக் கழிப்பறைக்குப் போகவும் கூச்சப்படுவான். நாளடைவில் மலம் இறுகி வலி வருகிறது. அதனால் ஏழு மணிக்குள் சாப்பாட்டை முடித்து, அதன் பிறகு பத்து நிமிடம் அவசரப்படுத்தாமல் கழிப்பறையில் உட்காரவிடுங்கள். கால் தொங்காமல் ஒரு பலகை வையுங்கள். தண்ணீர், கீரை, பழம் ஆகியவை போதுமான அளவு இருக்கட்டும். இரண்டு, மூன்று வாரம் இப்படிச் செய்தும் ஹாரன் கேட்கும்போது மட்டும் வலி வந்தால், வேனிலோ வகுப்பிலோ அவன் எதற்கேனும் பயப்படுகிறானா என்று பாருங்கள். காலை அவசரத்தில் அதைக் கேட்காதீர்கள். விடுமுறை நாளில், அவன் அப்பா மடியில் உட்கார்ந்திருக்கும்போது, வேனில் யார் பக்கத்தில் உட்காருவான் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். இரவில் சத்தமாகக் குறட்டை விட்டாலோ, வாயால் மூச்சுவிட்டாலோ, விடுமுறை நாளிலும் வயிற்று வலி தொடர்ந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.