கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் விலங்குகளைத் தொற்றாது என்றால், அதன் தடுப்பூசியை விலங்குகளில் சோதித்து என்ன கண்டார்கள்?

மகளுக்கு இந்த ஊசியைப் போடலாமா என்று தயங்கும் பெற்றோராக இருப்பீர்கள் என்று எண்ணியே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். உசிலம்பட்டிப் பக்கம் முட்டைக்கோழி வளர்ப்பவன். கோழிக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள், புற்றுக்கு எதிராகப் பரவலாகப் பயன்பட்ட முதல் தடுப்பூசியே கோழிக்குத்தான் வந்தது என்பதை அறிய வேண்டும். கோழிக்குக் கட்டியும் வாதமும் தரும் மேரக்ஸ் நோய்க்குக் காரணம் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் என்று 1967இல் கண்டார்கள். வான்கோழியிடம் உள்ள தீங்கற்ற உறவு வைரஸைக் கொண்டு 1970களின் தொடக்கத்திலேயே ஊசி வந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு பொரிப்பகங்களின் குஞ்சுகளை அடுத்தடுத்த கொட்டகைகளில் விட்டிருந்தேன். மூன்று மாதம் ஆகையில் ஒரு கொட்டகையில் மட்டும் கோழிகள் ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் நீட்டியபடி சாய்ந்தன. கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டியபோது, ஒரு தொடை நரம்பு இயல்பாக வெண்ணிறத்தில் மெலிந்திருக்க, மறு தொடை நரம்பு மஞ்சளோடித் தடித்திருந்தது, ஈரலெங்கும் வெண்கட்டிகள். அந்தக் குஞ்சுகளோடு வந்த சீட்டில் ‘மேரக்ஸ் போட்டாயிற்று’ என்ற முத்திரை தெளிவாகவே இருந்தது. திரவ நைட்ரஜனில் காத்து, கரைத்த பின் தாமதிக்காமல் போட வேண்டிய மருந்தை எப்படிக் கையாண்டீர்கள் என்ற கேள்விக்கு அந்தப் பொரிப்பகத்தார் இன்றுவரை பதில் தரவில்லை.

இரண்டு கொட்டகையை ஒப்பிடுவது ஆய்வாகாது, குஞ்சின் இனமே வேறாக இருந்திருக்கலாம் என்பார்கள்; சரிதான். அதனால்தான் ஆய்வகத்தில் ஒரே கூட்டத்துக் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஊசி போட்டு, சில நாள் கழித்து இரு பாதிக்கும் வீரியமான வைரஸைச் செலுத்தி, பல வாரம் கழித்து அறுத்துப் பார்த்துக் கணக்கிடுகிறார்கள்.

எச்.பி.வி.யை விலங்குக்குச் செலுத்திப் பயனில்லை என்பதால், அதன் உறவு வைரஸ்களை எடுத்துக்கொண்டார்கள். நாயின் வாயில் மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் உறைப் புரதத்தைக் கொண்டு, மரபணு இல்லாத வெற்றுக்கூடு செய்து பீகிள் நாய்களுக்குப் போட்டார்கள். பிறகு வைரஸைச் செலுத்தியும் அவற்றுக்கு மரு வரவில்லை. அவற்றின் குருதியில் உண்டான எதிர்ப்புப் புரதத்தை ஊசி போடாத நாய்களுக்கு ஏற்றியபோது அவையும் தப்பின. 1995இல் வெளியான இந்த முடிவுதான் எனக்கு நம்பிக்கை தந்தது, ஏனெனில் மனிதருக்கான ஊசியிலும் அதே வகை வெற்றுக்கூடுதான் இருக்கிறது. அதையும் பெண்களிடம் தனியே சோதித்த பின்னரே அனுமதித்தார்கள்.

ஒரு வேறுபாடு உண்டு. மேரக்ஸ் ஊசி கட்டியைத் தடுக்கும், தொற்றைத் தடுக்காது, எச்.பி.வி. ஊசி தொற்றையே தடுக்கிறது. தயங்காமல் போடுங்கள். ஆனால் மருந்தை உறையவிடாமல் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்தார்களா என்று கேட்ட பிறகே மகளின் கையை நீட்டச் சொல்லுங்கள்.