ஸ்கிசோஃப்ரினியா உள்ள அண்ணனுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் உண்டு; ஸ்கிசோஃப்ரினியா அதில் அடங்கும். "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று யார் சொன்னாலும் பின்வாங்காதீர்கள்.

மனநோயை மதிப்பிட 'ஐடியாஸ்' என்ற அளவுகோல் இருக்கிறது. தன்னைப் பராமரித்தல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கிலும் உள்ள சிரமத்துக்கு மதிப்பெண்; சிரமம் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். எத்தனை காலமாக நோய் என்பதற்குத் தனி மதிப்பெண். மொத்தம் 20-இல் 7 வந்தால் 40 சதவீதப் பாதிப்பு என்று கணக்கு, பெரும்பாலான சலுகைகள் அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே நோயின் பெயரைவிட அன்றாடம்தான் முக்கியம். குளிக்க எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, வேலையை ஏன் விட்டார் என்பதையெல்லாம் உடன் வாழும் நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள். அண்ணன் கூச்சத்தில் "ஒண்ணுமில்ல" என்றுவிடலாம். பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். விண்ணப்பம் யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளத்தில்.