ஆகன் முன்னுக்கு, பொற்றாசியம் பின்னுக்கு: அச்சுப்பிழையா?

கேள்வி: மகள் தரம் 10. ரியூஷனில் ஆவர்த்தன அட்டவணையின் 118 மூலகங்களையும் பாடமாக்கச் சொல்கிறார்கள். அங்கே வாங்கிய அட்டவணையில் ஆகனின் அணுத்திணிவு 39.95, அதற்கு அடுத்து வரும் பொற்றாசியத்துக்கு 39.10. இது பிழையா என்று மகள் கேட்கிறாள்.
— ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: பிழை இல்லை அம்மா. மகள் உற்றுப் பார்த்திருக்கிறாள், அதுவே எனக்குப் பெரிய சந்தோசம்.

1869 இல் ரஷ்ய இரசாயனவியலாளர் மென்டலீவ் பாரத்தை வைத்துத்தான் மூலகங்களை அடுக்கினார். இன்றைய அட்டவணை அணுவெண்ணின்படி, அதாவது கருவிலுள்ள புரோத்தன்களை எண்ணி அடுக்கியது. 1913 இல் ஆங்கிலேய பௌதிகவியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்களை வைத்து இதை உறுதிப்படுத்தினார். ஆகனுக்குப் புரோத்தன் 18, பொற்றாசியத்துக்கு 19. அப்படியென்றால் ஆகன் ஏன் பாரம் கூட? பெரும்பாலான ஆகன் அணுக்களில் 22 நியூத்திரன், பொற்றாசியத்தில் 20 தான். நியூத்திரன் பாரத்தைக் கூட்டும், இடத்தை மாற்றாது. பாரத்தை நம்பி இரண்டையும் இடம் மாற்றினால், தண்ணீரில் போட்டதும் தீப்பற்றும் பொற்றாசியம், எதோடும் சேராத நேயனுக்குக் கீழே போய் உட்காரும். நேயனைப் போலவே எதோடும் சேராத ஆகன், பொற்றாசியத்தைப் போன்ற சோடியத்தின் கீழே வந்துவிடும். பொருந்துமா, சொல்லுங்கள்.

118 ஐப் பாடமாக்கும் கதையை விடுங்கள். சாதாரண தரப் பாடநூல் இதில் முதல் 20 மூலகங்களோடு நிற்கிறது. 118 என்று பயங்காட்டினால்தான் ரியூட் என்ற பயிற்சித் தாளும் லமினேட் அட்டவணையும் விலைபோகும், பரீட்சை நெருங்கக் கருத்தரங்குக்கும் கூட்டம் சேரும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் விஞ்ஞான ஆசிரியருக்காகக் காத்திருக்கும் பள்ளிக்கூடங்கள் இருக்கும்வரை இந்த வியாபாரம் குறையாது. எத்தனை வருசமாகச் சொல்கிறோம், யார் கேட்கிறார்கள்!

சரி, பழைய கலண்டர் மட்டையில் 20 அட்டை வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் அணுவெண்ணும் இலத்திரன் நிலையமைப்பும் (உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு ஓட்டிலும் எத்தனை இலத்திரன் என்பது): சோடியம் 11, 2,8,1, பொற்றாசியம் 19, 2,8,8,1. அணுவெண் வரிசையில் மகளே அடுக்கட்டும். முதல் வரியில் 2, பிறகு 8, அப்புறம் 8, மிஞ்சுவது இரண்டு. அந்த இரண்டில் முதலாவது, பொற்றாசியம், நேரே சோடியத்தின் கீழே வந்து விழும். இரண்டுக்கும் கடைசி ஓட்டில் 1 தான். பொதுவாக ஒரே கூட்டத்தில், அதாவது மேலிருந்து கீழாக ஒரே நிரலில், இருப்பவை ஒரே குணம் காட்டுவது இதனால்தான்.

காசு கொடுத்து வாங்கிய அட்டவணையைச் சுவரில் ஒட்டி, முதல் 20 ஐ மட்டும் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள்.