ரன்னா, பாஸா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

டாலஸுக்கு வடக்கே ஒரு சிற்றூரில் இருக்கிறோம். பையன் பதினொன்றாம் வகுப்பு, பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லெஃப்ட் கார்டு, அதாவது பந்தை எடுத்துத் தரும் சென்டருக்கு இடப்பக்கம் நின்று எதிரிகளைத் தடுப்பவன். டெக்சஸில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் ஊரே மைதானத்தில்தான் இருக்கும்.

இந்த வாரம் வரப்போகிற எதிரணியின் நடுவில் இரண்டு மலை மாதிரி பையன்கள் நிற்கிறார்கள். இந்த சீசனில் அவர்களைத் தாண்டி யாரும் உருப்படியாக ஓடவில்லை. எங்கள் அணியோ ஓடியே ஜெயித்து வந்த அணி. பெற்றோர் வாட்ஸாப் குழுவில் மூன்று நாளாகச் சண்டை. “நம் பலம் ஓட்டம், அதை எதற்கு மாற்ற வேண்டும்” என்று ஒரு கட்சி. “முதல் முயற்சியிலிருந்தே பந்தை வீசு” என்று இன்னொரு கட்சி. கேலரியில் என் பக்கத்தில் உட்காரும் பெரியவர் இதே பள்ளிக்கு ஆடியவர். “ஓடப் பயப்படுகிற அணி ஆம்பளைங்க அணி இல்லை” என்கிறார்.

பையன் இதில் வாயே திறப்பதில்லை. நேற்று சாப்பிடும்போது மட்டும், “அப்பா, எனக்கு எதிரே நிற்கப் போகிறவன் என்னைவிட அறுபது பவுண்டு கூட” என்றான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. யார் சொல்வது சரி? போன இரண்டு ஆட்டங்களின் காணொளியை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

காணொளிகளை மூன்று முறை பார்த்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தச் சண்டை.

நான்கு முயற்சியில் 10 யார்டு போக வேண்டும். ஓடும்போதெல்லாம் நாலு யார்டு கிடைத்துவிட்டால் பந்து உங்களிடமே இருக்கும். ஓட்டத்தைத் தடுக்கத் தெரிந்த அணி அந்த நாலை இரண்டாக்கிவிடும். மூன்றாவது முயற்சியில் இன்னும் ஆறு யார்டு பாக்கி. இனி வீசத்தான் வேண்டும் என்பது மைதானத்தில் பாப்கார்ன் விற்பவருக்கும் தெரியும். அந்த அணி ஜெயிப்பது அங்கேதான். ஓட்டத்தைத் தடுத்து, அவர்கள் காத்திருக்கும் இடத்துக்கு உங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள்.

2006இல் நான் பாஸ்டன் பக்கம் வேலையில் இருந்தேன். அக்டோபர் 30, திங்கள் இரவு, எங்கள் ஊர் அணியான பேட்ரியட்ஸ் மினசோட்டா போய் அந்த ஊர் வைக்கிங்ஸோடு ஆட வேண்டும். வைக்கிங்ஸ் நடுவில் பாட் வில்லியம்ஸ், கெவின் வில்லியம்ஸ். இருவரும் உறவில்லை, ஆனாலும் ‘வில்லியம்ஸ் சுவர்’ என்றே பெயர். அந்த சீசனின் 16 ஆட்டத்திலும் சேர்த்து எதிரணிகள் அவர்களுக்கு எதிராக ஓடி எடுத்தது வெறும் 985 யார்டு. எங்களிடம் பந்தோடு ஓடக் கோரி டில்லன் இருந்தார், புதுப்பையன் லாரன்ஸ் மரோனி இருந்தார். அலுவலக கேன்டீனில் அன்று நடந்தது உங்கள் வாட்ஸாப் சண்டையேதான். நான் ரன் கட்சி. டில்லனை நம்பினேன்.

பயிற்சியாளர் பெலிச்சிக் அந்தச் சுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களை அகலமாகப் பரப்பி, பந்தை வீசும் டாம் பிராடியை சென்டரிலிருந்து சில யார்டு பின்னால் (ஷாட்கன்) நிறுத்தி, ஆரம்பத்திலிருந்தே வீசவைத்தார். 43 பாஸ், கைக்குச் சேர்ந்தவை 29, 372 யார்டு, எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிய டச்டவுன் நாலு. 31–7 என்று ஜெயித்தோம். மினசோட்டாவின் ஒரே டச்டவுனும் நாங்கள் உதைத்துவிட்ட பந்தைப் (பன்ட்) பிடித்துத் திருப்பி ஓடியதில் வந்தது. அந்த இரண்டு வில்லியம்ஸும் அன்று பலவீனமாக ஆடவில்லை. அவர்கள் பலத்துக்கு வேலையே வரவில்லை.

இதைப் படித்துவிட்டு உங்கள் பாஸ் கட்சிக்காரர்கள் துள்ள வேண்டாம். 2001 ஜனவரி 14 அன்று நியூயார்க் ஜெயன்ட்ஸின் கெர்ரி காலின்ஸ் இதே வைக்கிங்ஸுக்கு எதிராக 381 யார்டு, ஐந்து டச்டவுன் வீசினார். 41–0 என்று ஜெயன்ட்ஸ் ஜெயித்தது. சரியாக இரண்டு வாரம் கழித்து லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் எதிரே பால்டிமோர் ரேவன்ஸ். அந்த சீசனில் ஓட்டத்தில் 970 யார்டு மட்டுமே கொடுத்த அணி. அங்கே காலின்ஸ் 39 முறை வீசினார். சேர்ந்தது 15, மொத்தம் 112 யார்டு, நாலு பந்து எதிரியின் கையில். அதில் ஒன்றை டுவேன் ஸ்டார்க்ஸ் பிடித்து அப்படியே 49 யார்டு ஓடி டச்டவுனாக்கினார். 34–7 என்று ரேவன்ஸ் ஜெயித்தது.

வைக்கிங்ஸின் சுவருக்குப் பின்னால் வாசல் திறந்து கிடந்தது. பாஸைத் தடுப்பதில் அவர்கள் 2006இல் லீக்கின் அடிவரிசை. ரேவன்ஸின் சுவருக்குப் பின்னால் பேர்போன தடுப்பாளர் ரே லூயிஸ் நின்றார், அவருக்கும் பின்னால் ராட் வுட்சன். ஆகவே உங்கள் குழுவில் யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: அந்த இரண்டு பையன்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? மூன்று நாள் சண்டையில் அது வரவே இல்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

பெரியவர் சொன்னதையும் நான் தள்ளிவிட மாட்டேன். பாஸ் ஆட்டத்தில், உங்கள் பையனைப் போல முன்வரிசையில் (லைன்) நிற்கும் ஐந்து பேரும் பின்வாங்கிக்கொண்டே அடி வாங்க வேண்டும். ஓட்டம் ஒன்றில்தான் அவர்கள் முன்னேறி அடிக்கிறார்கள். லைனில் ஆடியவர்களுக்கு ஓட்டத்தின்மேல் இருக்கும் ஆசை நியாயமானது. ஆனால் ‘ஆம்பளைங்க’ என்ற சொல்லை அதில் ஏற்றியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பையன் தன்னைவிட அறுபது பவுண்டு கூடியவனோடு இரவு முழுக்க நேருக்கு நேர் முட்டி, யாருடைய ஆண்மையை நிரூபிக்க வேண்டும்? அவன் சாப்பாட்டு மேசையில் சொன்னது பயம் இல்லை, கணக்கு. அவன் சொல்வதுதான் சரி.

அறுபது பவுண்டு செல்லுபடியாகாத ஓர் ஓட்ட உத்தி இருக்கிறது, ‘ட்ராப்’ (பொறி). எதிரணியின் நடுவில் நிற்கும் ஒரு டாக்கிளை யாரும் தடுக்காமல் வேண்டுமென்றே உள்ளே விடுவார்கள். வழி திறந்ததென்று அவன் பாய்வான். கண் பந்து வைத்திருப்பவன்மேல் இருக்கும். அந்த நேரம் மறுபக்கத்து கார்டு சென்டருக்குப் பின்னால் குறுக்கே ஓடி வந்து அவன் விலாவில் இறங்குவான். அந்த டாக்கிள் விட்டு வந்த இடைவெளியில், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் நுழைந்துவிடுவான். எதிரி எவ்வளவு வேகமாகப் பாய்கிறானோ அவ்வளவு பெரிய இடைவெளி. உங்கள் அணியிடம் இந்த ஆட்டம் இருக்கிறது. இரண்டாவது காணொளியில், பாதி ஆட்டம் முடிவதற்குச் சற்று முன், ஒரே ஒரு முறை ஆடினார்கள். குறுக்கே ஓடிய கார்டு உங்கள் பையன்தான். கச்சிதமாக அடித்தான். அதை அவனிடம் யாராவது சொன்னார்களா?

ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. ஆட்டம் தொடங்குமுன் தம்பி வலது கையைப் புல்லில் ஊன்றுகிறான் அல்லவா, அந்தக் கையைப் பாருங்கள். நேராக முட்டப் போகிறான் என்றால் உடம்பு முன்னால் சாய்கிறது, விரல் நுனி வெளுக்கிறது, குதிகால் எழும்புகிறது. குறுக்கே ஓட வேண்டுமென்றாலோ பாஸுக்குப் பின்வாங்க வேண்டுமென்றாலோ கை புல்லைத் தொட்டும் தொடாமல் இருக்கிறது. மூன்றாம் முறை பார்க்கும்போது பந்து நகர்வதற்கு முன்பே என்ன ஆட்டம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பார்த்ததை எதிரே நிற்கப் போகிற பையனும் பார்த்திருப்பான்.

ரன்னா பாஸா என்பது பயிற்சியாளர் பாடு. இது மட்டும் உங்களால் முடியும், ஃபுட்பால் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ராத்திரி கூடத்தில் தம்பியை அந்த நிலையில் நிற்கச் சொல்லுங்கள். விரல்களுக்கு அடியில் ஒரு தாளை வையுங்கள். எந்த ஆட்டம் என்பதை அவன் மனதுக்குள் வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் தாளை உருவுங்கள். பாரம் முன்னால் இருந்தால் இழுத்தாலும் வராது, பின்னால் இருந்தால் நழுவி வந்துவிடும். எந்த ஆட்டம் என்று உங்களால் சொல்ல முடியாமல் போகும்வரை செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை முடிந்ததும் எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்.