பயணத்துக்கு ஒரு ஜோல்னா பை: கேட்டதும் சொன்னதும்

பிளவுஸ் தைத்துக் கொடுக்கச் சொன்னால் நழுவிவிடுவேன். பை என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மிஷினில் உட்காருவேன். அப்படியே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. பயணத்தில் தோளில் மாட்டிக்கொள்ளும் துணிப்பையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அளவெல்லாம் இன்ச் கணக்கு.

அக்கா, பை தைக்கிறது இதுதான் முதல் தடவை. எந்த மாடலில் ஆரம்பிக்கட்டும்?

ஜோல்னா பையில் ஆரம்பிங்க. எழுத்தாளர் பை என்று கேலி செய்வார்கள், செய்யட்டும். என் முதல் பயணப் பை நல்ல கெட்டித் துணியில் தைத்தது. வாய் ஓரத்தில் இரண்டு பக்கமும் பட்டியை வைத்து நாலு தையல் அடித்திருந்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், பையனின் ஸ்வெட்டர், இவ்வளவுதான் உள்ளே. பேருந்து நிலையத்தில் ஓடிப்போய் ஏறும்போது பட்டி கையோடு வந்தது, பை கீழே கிடந்தது. எடுத்துப் பார்த்தால் நூல் ஒன்றுகூட அறுபடவில்லை. தையலை ஒட்டின துணிதான் வரிசையாகக் கிழிந்திருந்தது. மொத்தக் கனமும் இரண்டு விரல் அகலத்தில் தொங்கினால் துணி என்ன செய்யும்?

ஜோல்னாவில் அந்த வில்லங்கம் கிடையாது. தோளில் தொங்குகிற பட்டியேதான் கீழே இறங்கிப் பையின் பக்கவாட்டாகி, அடிப்பாகமாகி, மறுபக்கம் ஏறித் திரும்பத் தோளுக்குப் போகிறது. பொருளை அடியிலிருந்து ஏந்திக்கொள்ளும். இதை யார் முதலில் யோசித்தார்களோ, அவர்கள் கட்டாயம் கனம் சுமந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

துணி எவ்வளவு வாங்கணும்? அளவு சொல்லுங்க மேடம்.

தைத்து முடித்தால் 11 அகலம், 12 உயரம், பக்கவாட்டில் 4 அகலம் வருகிற பைக்குச் சொல்கிறேன். முன்பக்கம், பின்பக்கம் ஒவ்வொன்றும் 12 அகலம், 14 உயரம். இதில் மூன்று பக்கமும் தையலுக்கு அரை இன்ச், மேலே மடிக்க ஒன்றரை இன்ச் அடங்கிவிட்டது. பட்டி 5 அகலம், 78 நீளம். பக்கம் 12, அடி 11, மறுபக்கம் 12, ஆக 35, தோளுக்கு 42, இணைக்க 1. உள் துணிக்கு அதேபோல் இரண்டு துண்டும், 5 அகலத்தில் 36 நீளப் பட்டியும்.

44 இன்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியென்றால் இரண்டேகால் மீட்டர் வாங்குங்கள். பட்டியை விளிம்போரமாக நெடுக்காக எடுக்க வேண்டும் என்பதால்தான் இந்த நீளம். குறுக்கே வெட்டி ஒட்டுப்போட்டால் துணி மிச்சமாகும், ஆனால் குறுக்கு நூல் கொஞ்சம் இழுபடும். கோணல் வெட்டு வேண்டவே வேண்டாம், இரண்டு பயணத்தில் பை முழங்காலுக்கு வந்துவிடும். உள் துணியும் இதிலேயே எடுத்தாலும் பாக்கெட்டுக்கு மிச்சம் இருக்கும்.

அந்த 42 என் உயரத்துக்கானது. நீங்கள் டேப்பைக் குறுக்காகத் தோளில் போட்டு, பையின் வாய் எங்கே வரணுமோ அங்கே பிடித்து, முதுகுப்பக்கம் சுற்றி அதே இடத்துக்கு அளந்துகொள்ளுங்கள்.

காடா துணி எடுக்கலாமா, கேன்வாஸா?

வீட்டு மிஷின் என்றால் கெட்டிக் காடா, அதாவது வெளுக்காத பருத்தித் துணி. கேன்வாஸ் ஆசையாக இருக்கும். பட்டி சேரும் இடத்தில் ஆறு ஏழு மடிப்பு வரும்போது மிஷின் அழும். ஈரோடு பக்கம் இருக்கிறவர்கள் திங்கள் ராத்திரி தொடங்கும் ஜவுளிச் சந்தைக்குப் போனால் காடா ரகம் ரகமாகக் கிடைக்கும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உங்கள் விரல் மறுபக்கம் பளிச்சென்று தெரிந்தால் அது உள் துணிக்குத்தான் ஆகும். பழைய ஜீன்ஸும் அருமையான துணி, கால் பகுதியில் முன்பக்கம் பின்பக்கம் தேறும்.

கடையில் ‘கேன்வாஸ்’ என்று மொட்டையாகக் கேட்டால் காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணியை எடுத்துக் கொடுப்பார்கள். பை தைக்கிற கேன்வாஸ் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

புதுத் துணியை நனைச்சே ஆகணுமா?

ஆமாம். காடாவில் கஞ்சி இருக்கும். ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் அலசி, முறுக்காமல் காயப்போட்டு, லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் வெளித்துணி சுருங்கும், உள் துணி வேறு ரகமென்றால் அதே அளவு சுருங்காது. பை வாய் கோணிக்கொண்டு நிற்கும். சாயத் துணியென்றால் தனியாக ஊறவையுங்கள்.

ஊசி உடைஞ்சுக்கிட்டே இருக்கு. நூலும் அறுந்து போகுது.

பிளவுஸ் ஊசியைப் போட்டிருப்பீர்கள். இரண்டு மூன்று மடிப்புக்கு 14ஆம் நம்பர் ஊசி, பட்டிச் சந்திப்புக்கு 16ஆம் நம்பர். மிஷினுக்கு மிஷின் ஊசி மாறும், பழைய ஊசியைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். நூல் பாலியஸ்டர், மேலேயும், அடிநூல் சுற்றுகிற பாபினிலும் ஒரே நூல். தையலை இன்ச்சுக்கு எட்டாக வையுங்கள். பொடித் தையல் உறுதி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கெட்டித் துணியில் அது தபால்தலை ஓரத்தில் ஓட்டை போடுகிற மாதிரி ஆகிவிடும்.

மேடு வரும் இடத்தில் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அதற்கு முன்னால் அந்த மடிப்பை ஒரு துணியால் மூடி அம்மிக் குழவியால் நாலு தட்டு தட்டுங்கள். சிரிக்காதீர்கள், மடிப்பு பாதியாகப் படிந்துவிடும்.

ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சும் அடி மூலை சுருங்கிச் சுருங்கி வருது. எங்கே தப்பு பண்றேன்?

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. நேர்ப்பட்டி ஒன்று சதுர மூலையில் திரும்ப வேண்டும், அதற்கு வழிவிடாமல் இழுத்தால் சுருங்கத்தான் செய்யும்.

முதலில் பட்டியில் அடிப்பாகத்தின் நடுவைக் குறியுங்கள். அது பட்டியின் சரிநடுவாக இருக்க வேண்டாம், ஒரு சாண் தள்ளி வையுங்கள். சரிநடுவில் வைத்தால் பட்டியின் இரண்டு முனையும் சேருகிற மேடு நேராகத் தோள்மேல் வந்து உட்காரும். அந்தக் குறியிலிருந்து இருபுறமும் ஐந்தரை இன்ச் அளந்து மூலைக் குறி போடுங்கள். முன்பக்கத் துண்டின் அடி நடுவோடு பட்டியின் குறியைச் சேர்த்து, நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு ஒட்ட, குண்டூசி குத்துங்கள்.

நடுவிலிருந்து மூலையை நோக்கித் தையுங்கள். துண்டின் ஓரத்துக்கு அரை இன்ச் இருக்கும்போது நிறுத்துங்கள். ஊசி துணிக்குள் இறங்கியே இருக்கட்டும். இப்போது துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கி, மூலைக் குறியில் பட்டியை மட்டும் கத்தரி நுனியால் ஒரு வெட்டு. தையல் கோட்டுக்கு ஒரு நூல் தள்ளி நிற்க வேண்டும், கோட்டைத் தொட்டால் அங்கே ஓட்டை. வெட்டின இடம் வாய் திறந்து பட்டி தானாகத் திரும்பும். துணியைத் திருப்பி, அடியில் மடிப்பு சிக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, ஃபுட்டை இறக்கிப் பக்கவாட்டில் மேலே போங்கள். பிறகு நடுவுக்கே வந்து அடுத்த மூலை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரே ஓட்டமாக அடித்தால் பட்டி நகர்ந்து இரண்டாவது மூலையில் கால் இன்ச் தப்பிப்போகும். நீங்கள் பிரித்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

தோள் பட்டியை எப்படி மடிக்கறது? அம்மாவுக்கு மெல்லிசுப் பட்டின்னா தோள் வலிக்குது.

பை வாய்க்கு மேலே இருக்கிற பகுதியில் இரண்டு ஓரமும் அரை இன்ச் உள்ளே மடித்து, பிறகு பாதியாக மடித்தால் 2 இன்ச் பட்டி. இரண்டு ஓரமும் தையல், நடுவில் இன்னும் இரண்டு ஓட்டம். அம்மாவுக்கென்றால் தோள் படும் இடத்தில் பழைய டர்க்கி டவல் துண்டு ஒன்றை உள்ளே வைத்துத் தையுங்கள். பட்டி வாயைத் தாண்டி மேலே போகும் இடத்தில், உள் பட்டியின் முனையை மடிப்புக்குள் நுழைத்து, ஒரு சதுரம் அடித்து அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போடுங்கள். நாடாப் பை, ஸ்கூல் பை எதிலும் அந்தப் பெருக்கல் குறியைப் பார்க்கலாம்.

ஜிப் வைக்காம ரயில்ல எப்படி நம்பிப் போறது?

நியாயமான பயம். உள் துணியில் வாயிலிருந்து ஒன்றரை இன்ச் கீழே ஜிப் வைக்கலாம். இருபுறமும் துணிப்பட்டி, நடுவில் ஜிப், மூன்றும் சேர்ந்து 4 இன்ச் அகலம் வர வேண்டும். ஐந்தாம் நம்பர் ஜிப்பை மீட்டராக வாங்கி ரன்னர் கோத்துக்கொள்ளுங்கள். சுடிதாருக்கு வைக்கிற மூன்றாம் நம்பர் இதற்குத் தாங்காது. நீளம் பை அகலத்தைவிட 3 இன்ச் கூட இருக்கட்டும், முனையைத் துணியால் மூடித் தையுங்கள்.

ஆனால் முதல் பையில் இதைச் செய்யாதீர்கள். வாய்க்கு அழுத்தி மூடுகிற டிச் பட்டன் ஒன்று போதும். அதற்குப் பதில், பின்பக்க உள் துணியில், உடம்போடு ஒட்டுகிற பக்கமாக, 7 அகலம் 8 ஆழத்தில் ஜிப் பாக்கெட் ஒன்று வையுங்கள். பணம், அடையாள அட்டை, போன் அதற்குள். கூட்டத்தில் பையை யார் தொட்டாலும் அந்தப் பக்கம் கை போக உங்களைத் தாண்டித்தான் போகணும். பாக்கெட்டுகளை எல்லாம் துண்டு துண்டாக இருக்கும்போதே தைத்துவிடுங்கள், பை ஆனபிறகு மிஷினில் நுழையாது.

உள் துணி வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு உள்துணிக்குள் ராத்திரி ரயிலில் சாவி தேடினவர்களுக்குத் தெரியும்.

வீட்டுல கல்யாணத் தாம்பூலப் பை மலை மாதிரி கிடக்கு. உபயோகப்படுத்தலாமா?

உண்மையான பருத்தியாக இருந்தால் தாராளமாக, உள் பாக்கெட்டுக்கு. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபிறகு துணி மாதிரியே இருக்கிற பைகளும் வீட்டுக்குள் நிறைய வந்தன. கையில் காகிதம்போல் சரசரக்கும், இழை குறுக்கும் நெடுக்குமாக இருக்காது, அழுத்திய புள்ளிகள் தெரியும். அது பிளாஸ்டிக்தான். இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகி அடியில் ஒட்டிக்கொள்ளும். சந்தேகமென்றால் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள், வந்தால் துணி.

பவானி ஜமுக்காளத் துண்டு ஒண்ணு இருக்கு. பையாக்கினா அழகா இருக்குமே?

அழகாக இருக்கும், வெட்டின நிமிஷமே பிரியவும் ஆரம்பிக்கும். வெட்டும் கோட்டுக்கு இருபுறமும் முதலில் இரண்டு ஓட்டம் தையல் போட்டுவிட்டு நடுவில் வெட்டுங்கள். முன்பக்கத்துக்கு மட்டும் வையுங்கள். பட்டி காடாவாகவே இருக்கட்டும்.

மழை?

உள் துணிக்குக் குடைத் துணி போடலாம், கொஞ்ச நேரம் தாங்கும். ஊசித் துளை வழியாகத் தண்ணீர் வரத்தான் செய்யும். மெழுகு தேய்த்து இஸ்திரி போடும் வழியும் உண்டு. நம்மூர் வெயிலில் வண்டியில் மாட்டி வைத்தால் பிசுபிசுத்துச் சட்டையில் அப்பும். எனக்குப் பிடிக்கவில்லை. நான் போனுக்கும் டிக்கெட்டுக்கும் ஒரு ஜிப் கவர் வைத்துக்கொள்வதோடு சரி.

மிஷின் இல்லை. கையால் தைச்சா நிக்குமா?

நிற்கும். ஓட்டுத் தையல் ஆகாது, கெட்டித் தையல் போடணும்: ஒரு எட்டு முன்னே குத்தி, பாதி பின்னே வந்து, திரும்ப முன்னே. நூலை இரட்டையாக எடுத்து மெழுகுவர்த்தியில் ஒரு தடவை இழுத்துக்கொண்டால் சிக்காது. பட்டிச் சந்திப்பில் ஊசி இறங்காவிட்டால் பல்லால் இழுக்காதீர்கள், சின்னக் கொறடு வைத்து இழுங்கள். என் பாட்டி தைத்த சுருக்குப் பை கையால் தைத்ததுதான்; வெற்றிலைக் கறை போகவில்லை, தையலும் போகவில்லை.