புழுவும் அதன் ஊரும்

அன்புள்ள ஐயா,

பூச்சிகளைப் படமெடுப்பது என் பொழுதுபோக்கு. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் (மிக நெருங்கி, பெரிதாக்கி எடுக்க உதவுவது) எடுத்தவை எல்லாம் பச்சைத் திரைக்கு முன்னால் வைத்து எடுத்தவைபோல இருக்கின்றன. பூச்சி வாழும் இடமும் தெரியட்டும் என்று அகலமாகக் காட்டும் 24 மி.மீ. வைட் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே, இன்னும் நெருங்கி எடுக்க உதவும் 12 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்ற வெற்றுக் குழாயை மாட்டி, சாலையோர எருக்கஞ்செடியில் இருந்த வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவை எடுத்தேன். தலை பூதாகரமாக வந்தது, உடல் சூம்பிப்போனது. பாதிப் படம் இருட்டு. பின்னணியில் ஒரே குப்பை. லாவோவா (Laowa) 15 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

வாசகர், தென்காசி

அன்புள்ள நண்பருக்கு,

வாங்க வேண்டாம். அந்த லென்ஸில் புழுவை அதன் உண்மை அளவிலேயே பதிவு செய்ய வேண்டுமானால், முன்கண்ணாடிக்கும் புழுவுக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளிகூட இருக்காது. வெளிச்சம் எந்த வழியாக வரும்? 24 மி.மீ.யிலேயே உங்களை இருட்டடித்தது லென்ஸின் நிழல்தான். லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பான ஹூடைக் கழற்றிவிடுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள்.

தலை பெருத்ததற்கு லென்ஸைக் குறை சொல்ல முடியாது, காரணம் தூரம். தலை 3 செ.மீ. தொலைவிலும் வால் 6 செ.மீ. தொலைவிலும் இருந்தால் தலை இருமடங்காகத்தான் தெரியும். புழு பக்கவாட்டில் நீண்டு கிடக்கும்போது எடுத்தால் இது பெரிதும் அடங்கிவிடும். ட்யூபையும் மாற்ற வேண்டாம். ட்யூபின் 12-ஐ லென்ஸின் 24-ஆல் வகுத்தால் அரை மடங்கு உருப்பெருக்கம், அதாவது புழு உண்மை அளவில் பாதியாகப் பதிவாகும், இந்த வேலைக்கு அது தாராளம். 36 மி.மீ. ட்யூப் போட்டால் குவியம் பெரும்பாலும் கண்ணாடிக்கு உள்ளேயே போய் விழும்.

இனி குப்பை. அதைப் பற்றித்தான் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. எருக்கு புறம்போக்கில் வளரும் செடி. மின்கம்பமும் சுவரொட்டியும் கசங்கிய காகிதக் கோப்பையும்தான் அந்தப் புழுவின் ஊர். அதைக் காட்டத்தானே 100 மி.மீ. லென்ஸைக் கழற்றினீர்கள்? வைட் லென்ஸ் என்றால் பின்னணியும் கூர்மையாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உருப்பெருக்கம் ஒரே அளவாக இருந்தால், எந்த லென்ஸானாலும் கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். 100-இல் பச்சைப் பூச்சாகக் கரைந்துபோகும் பின்னணி, 24-இல் மங்கினாலும் இன்னதென்று அடையாளம் தெரிகிறது, அவ்வளவே. ஆகவே முதலில் பின்னணியைத் தேடுங்கள், பிறகு அதற்கு முன்னால் உள்ள செடியில் புழுவைத் தேடுங்கள். கேமராவைத் தாழ்த்தி லேசாக அண்ணாந்து பார்க்க வைத்தால் புழுவுக்குப் பின்னால் வானம் வந்துவிடும். வெந்தய வரியன் புழுவின் மூன்று ஜோடிக் கரிய இழைகள் வானத்தின் முன்தான் எடுப்பாகத் தெரியும், சுவரொட்டியின் முன் அல்ல. சுவரொட்டி ஓரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளை; எஃப் எண் கூடினால் துளை சுருங்கும்) எஃப் 11-க்கு மேல் கொண்டுபோக நான் விரும்புவதில்லை. அரை மடங்கு உருப்பெருக்கத்தில் எஃப் 16 என்பது நடைமுறையில் எஃப் 24 ஆகிவிடும், படம் மொத்தமாகவே மழுங்கும். பின்னணிகளைச் சோதித்துப் பார்க்க, நெருங்கிப் படமெடுக்கும் அல்ட்ரா வைட் கேமரா உள்ள போனே போதும். 2021-இல் வந்த ஐபோன் 13 புரோவே 2 செ.மீ. வரை நெருங்கும்.

கிளையை ஒடித்து வசதிக்குத் திருப்பாதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும், நீங்களோ அதன் அருகே முகத்தை வைத்துக்கொண்டுதான் வேலை செய்யப்போகிறீர்கள்.